ஒற்றை இலக்கம்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஆயுள்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. புள்ளியியல் துறையின் மூன்றாவது மாடியில், படியேறி இடது பக்கம் திரும்பினால் வருகிற கடைசி அறையில் உட்கார்ந்துகொண்டு, இந்த நாட்டில் பிறக்கிற ஒருவர் சராசரியாக எத்தனை வருஷம் இருப்பார் என்று ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார். கேண்டீன் வரிசையில் நின்றால் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்கள்: “ஆயுள் சார், எனக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?” அவரும் முகம் சுளிக்காமல், “இந்த டீய முடிக்கிற அளவுக்கு இருக்கு, குடிங்க” என்பார்.

இப்படி ஊரார் ஆயுளை எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த மனுஷர், தன் வீட்டில் மட்டும் ஐந்து மாதமாகப் பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்தார். மனைவி உண்டாகியிருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, இனி இல்லை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் முடிவுகட்டிய பிறகு உண்டாகியிருந்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து விளிம்பு தேய்க்கிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பாள். ரத்த அழுத்தம் வேறு, நினைத்தால் ஏறியது, நினைத்தால் இறங்கியது.

“உங்க வீட்டுலேருந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இருபது நிமிஷம்.”

“அந்த இருபது நிமிஷத்தத் தாண்டி எங்கயும் போகாதீங்க. தனியாவும் இருக்காதீங்க. குழந்தை முன்னாடியே வரலாம். வந்தா உடனே கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். இங்க பெட்டி இருக்கு, பாத்துக்க ஆள் இருக்கு, கவலப்படாதீங்க.”

கவலைப்படாதீங்க என்று டாக்டர் சொன்னால் கவலைப்படாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர் அந்த ரகம் இல்லை. மற்றவர்கள் சாமி கும்பிடுகிற நேரத்தில் இவர் எண்ணைக் கும்பிட்டார். அறைச் சுவரில் நாட்டின் படம் ஒன்று மாட்டியிருந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் எத்தனை, முதல் வயதை முடிக்காமல் போகின்றன என்பதற்கு ஏற்ப அதில் வண்ணம் தீட்டியிருப்பார். எண் ஏற ஏற வண்ணம் கறுக்கும். இந்த நகரம் வெளிறிய மஞ்சள். ஆயிரத்துக்குப் பதினாறு. வேலைக்கு நடுவே தலையைத் தூக்கி அந்தப் பதினாறைப் பார்த்துக்கொள்வார். பதினாறுதான், பயமில்லை என்று சொல்லிக்கொள்வார். படத்தின் மேல் மூலையில், எல்லையை ஒட்டிய மலைவட்டாரம் கரியைப் பூசியதுபோல இருந்தது. அங்கே எழுபத்து மூன்று. அந்த மூலையை அவர் பார்க்க மாட்டார்.

இந்த நேரத்தில்தான் நாடாளுமன்றத்திலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

எதிர்வரிசையில் ஒரு பழைய பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். மற்ற உறுப்பினர்கள் சண்டை போடுவார்கள். அவர் கேள்வி கேட்பார். சண்டையைவிடக் கேள்விக்குத்தான் ஆட்கள் அதிகம் பயந்தார்கள். ஒரே தாளில் மூன்று வரி எழுதி அனுப்பியிருந்தார். இம்மன்ற உறுப்பினர்களின் சராசரி ஆயுள் எவ்வளவு? பொதுமக்களின், பிறப்பின்போது கணக்கிடப்படும், சராசரி ஆயுள் எவ்வளவு? வேறுபாடு இருப்பின் காரணம் என்ன? ‘பிறப்பின்போது’ என்ற சொல்லுக்குக் கீழே, வகுப்பறைப் பழக்கத்தில், இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஆயுளுக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில், ஆண்டுதோறும் அவர் தயாரித்து அச்சிடுகிற கணக்குப் புத்தகத்தை யாரோ படித்துவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி. முதல் மன்றத்திலிருந்து இன்றுவரை இருந்த உறுப்பினர்களின் பட்டியலை வாங்கி, யார் எப்போது போனார்கள், யார் இன்னும் இருக்கிறார்கள் என்று பார்த்து, இரண்டே நாளில் முடித்துவிட்டார். உறுப்பினர்களுக்கு எண்பது. மக்களுக்கு அறுபத்தாறு. தாளைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போகும்போது, நல்ல மார்க் வாங்கிய பையன் அப்பாவைப் பார்க்கப் போகிற நடைதான் அவருக்கு.

இயக்குநர் குள்ளமான, மெலிந்த மனிதர். எதையும் மையால் எழுத மாட்டார், பென்சில்தான். பென்சிலில் எழுதினால் அழிக்கலாம் என்பது அவர் இத்தனை வருஷம் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்ததன் ரகசியம். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“பதினாலு வருஷம் வித்தியாசமா?”

“ஆமா சார்.”

“இது வேற யாருக்காவது தெரியுமா?”



மறுநாள் காலை பத்தரைக்கு அமைச்சரின் உதவியாளர் நேரில் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, அதிராத குரல். வந்ததும் வராததுமாக எல்லாரிடமும் குடும்பத்தை விசாரித்தார். ஆயுளிடம் திரும்பி, “வீட்டுல எப்படி இருக்காங்க? ஆறாவது மாசம் ஆரம்பிச்சிருக்குமே இப்ப?” என்றார்.

ஆயுள் அலுவலகத்தில் யாரிடமும் மாதம் சொன்னதில்லை. கண் பட்டுவிடும் என்று மனைவி சொல்லவிடவில்லை. இந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது? “நல்லாருக்காங்க சார்” என்று மட்டும் சொன்னார்.

“ரெண்டு வழி இருக்கு,” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “ஒண்ணு, மக்களோட எண்ண ஏத்தணும். இல்லன்னா உறுப்பினர்களோட எண்ணக் கொஞ்சம் இறக்கணும். ஒரு எழுபத்தெட்டு...”

உதவியாளர் கையை உயர்த்தினார். “அமைச்சருக்கு இப்ப எண்பத்தொண்ணு. நீங்க எண்பதுன்னு போட்டதப் பாத்துட்டே நேத்து அவர் சரியாச் சாப்பிடல. எழுபத்தெட்டுன்னு யார் போய் அவர்கிட்டச் சொல்றது? நீங்க சொல்றீங்களா?”

இயக்குநர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஆயுளுக்கு அப்போது ஒரு வழி தோன்றியது. நியாயமான வழி. அதனால் தைரியமாகப் பேசினார். “சார், மன்றத்துக்கு யாரும் தொட்டில்லேருந்து வர்றதில்ல. நாப்பது வயசுல வர்றாங்க. அதுக்குள்ள காய்ச்சல், விபத்து, எல்லாத்துலயும் தப்பிச்சுட்டுத்தான் வர்றாங்க. அவங்களப் போய்ப் பிறந்த குழந்தையோட ஒப்பிடுறது சரியில்ல. நாப்பது வயசு உறுப்பினரையும் நாப்பது வயசுப் பொதுஜனத்தையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா, மக்களுக்கு எழுபத்திரண்டு வருது. வித்தியாசம் எட்டுதான்.”

உதவியாளர் இதைக் கவனமாகக் கேட்டார். “அப்ப நாப்பதுக்கு முன்னாடியே போனவங்க?”

“அவங்க இந்தக் கணக்குல வரமாட்டாங்க.”

“அந்த வாத்தியார் எந்திரிச்சு, அவங்க எத்தனை பேருன்னு கேட்டா?”

ஆயுளிடம் அந்த எண்ணும் இருந்தது. அது இன்னும் மோசம்.

“வேண்டாம்,” என்றார் உதவியாளர். “பிறப்பின்போதுன்னே இருக்கட்டும். ஆனா ஒற்றை இலக்கமா இருக்கட்டும். ஒன்பதுன்னா பேசிச் சமாளிச்சுடலாம். பதினாலுன்னா நாளைக்குச் சுவரெல்லாம் எழுதிடுவாங்க.” எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். வாசலில் நின்று, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, “மலைவட்டாரத்துல உங்க துறையில ஒரு அலுவலர் இடம் ரெண்டு வருஷமா காலியாக் கெடக்காமே? நல்ல காத்து அங்க. அனுபவஸ்தர் யாராவது போனா நல்லாருக்கும்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்குகிற சத்தம் ஓய்ந்த பிறகும் ஆயுள் நின்ற இடத்திலேயே நின்றார். மற்றவர்களுக்கு இடமாற்றம் என்றால் பெட்டி படுக்கை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இவருக்கு அது ஒரு எண். பதினாறிலிருந்து எழுபத்து மூன்றுக்குத் தூக்கிப் போடுகிறேன் என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறான். கழிப்பறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தார். குழாயை மூடவே இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

மத்தியானம் இயக்குநர் கூப்பிட்டு விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்தார். பன்னிரண்டாவது விதிக்கு எதிரே பென்சிலால் லேசாக ஒரு புள்ளி இருந்தது. ஒரு குழந்தை இறந்ததாகப் படிவம் வந்து, அந்தக் குழந்தைக்குப் பிறப்புப் பதிவு எண் இல்லையென்றால், அதை ‘இறந்து பிறந்தது’ என்று கொள்ளலாம். இறந்து பிறந்தவை ஆயுள் அட்டவணைக்குள் வராது. உயிரோடு இருந்தால்தானே ஆயுள்.

“இந்த மாதிரிப் படிவம் வந்தா இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று இயக்குநர் கேட்டார்.

“அந்தந்த வட்டாரத்துக்குக் கடிதம் போட்டு, பிறப்பு எண் வாங்கிச் சேப்போம் சார். தூரமான ஊர்ல பதிவு பண்ண ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள குழந்தை போயிடும். படிவம் முன்னால வரும், எண் பின்னால வரும்.”

“விதியில கடிதம் போடணும்னு இருக்கா?”

“இல்ல. அது நம்ம பழக்கம்.”

“இந்த வருஷம் கடிதம் போட வேண்டாம்,” என்றார் இயக்குநர். “யாரையும் பொய் எழுதச் சொல்லல. ஒரு கடிதம் போட வேண்டாம்னு சொல்றேன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்பது எத்தனை சின்ன வார்த்தை. ஆயுள் தன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். மனசாட்சி என்று ஒன்று அவருக்கும் இருந்தது. அன்று சாயங்காலம்வரை அது கத்திக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்குப் போனால் மனைவி கால் வீங்கி, முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளே குழந்தை உதைக்கிற இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டுப் பார்த்தார். உதைத்தது. மனசாட்சி அத்தோடு வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் பதிவறைக்குப் போய்ப் படிவக் கட்டுகளைக் கேட்டார். பதிவறையைப் பார்த்துக்கொள்கிற பெண்மணியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாகச் செத்தவர்களின் தாள்களை நூல் கட்டி அடுக்குகிறவர். எந்தக் கட்டு எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மலைவட்டாரத்துக் கட்டை இறக்கிக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்டார். ஆயுள் சொன்னார். அக்கா ஒரு படிவத்தை உருவி அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“இதப் பாருங்க சார். மூணு நாள் பால் குடிச்சதுன்னு எழுதியிருக்காங்க. நாலாம் நாள் மூச்சுத் திணறல். பேரு வேற வச்சிருக்காங்க.”

“பிறப்பு எண் இல்லையேக்கா.”

“எண் இல்லாட்டி என்ன, குழந்தை இருந்துச்சுல்ல?”

“விதி அப்படித்தான் இருக்கு.”

“முப்பது வருஷமா இருக்கிற விதிதானே சார் அது. இந்த வருஷம் மட்டும் என்ன புதுசா கண்ணுல பட்டுச்சு?” அக்கா கட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “நீங்க செய்யறதச் செய்யுங்க. நான் தொடமாட்டேன்.”

ஆகவே அவரே செய்தார். ஒவ்வொரு படிவத்தின் வலது மேல் மூலையிலும் ஒரு கட்டம் உண்டு. உயிரோடு பிறந்து இறந்தால் ஒன்று. இறந்தே பிறந்தால் மூன்று. ஒன்றை அடித்து மூன்று போட்டு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. முதல் நாள் ஒவ்வொன்றுக்கும் கை நின்றது. மூன்றாம் நாள் நிற்கவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது, ஆனால் கை ஓடியது. மலைவட்டாரத்தில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு. நகரத்தில் மாற்ற ஒன்றுமே இல்லை; இங்கே ஆஸ்பத்திரியிலேயே அன்றைக்கே எண் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு, வயது தெரியாமல் செத்தவர்கள். ரோட்டோரத்தில், கட்டடத்தில், பெயர் சொல்ல ஆளில்லாத இடத்தில் செத்தவர்கள். அவர்களை எல்லாம் ‘எண்பத்தைந்தும் அதற்கு மேலும்’ என்ற கட்டத்துக்கு ஏற்றினார். வாழ்நாளில் ஒரு படிகூட ஏறாதவர்கள் செத்த பிறகு ஒரே மத்தியானத்தில் கிழவர்களாகிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கணக்குப் போட்டால் எழுபத்தொன்று வந்தது. எண்பதில் எழுபத்தொன்று போனால் ஒன்பது.

மன்றத்தில் அமைச்சர் அந்த ஒன்பதை நின்றுகொண்டே படித்தார். வாத்தியார் எழுந்து, போன வருஷம் அறுபத்தாறு என்று அச்சிட்ட புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரே வருஷத்தில் ஐந்து கூடியிருப்பதுதான் இந்த அரசின் சாதனை என்று அமைச்சர் சொன்னார். மேசைகள் தட்டப்பட்டன. அறிக்கையின் முதல் பக்கத்தில், ‘தயாரித்தவர்’ என்ற வரிக்கு எதிரே, ஆயுளின் கையெழுத்து மட்டும்தான் மையில் இருந்தது. இயக்குநர் வழக்கம்போலப் பென்சிலைத்தான் பயன்படுத்தியிருந்தார்.

புத்தகம் அச்சாகி வந்ததும் ஆயுள் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனார். மனைவி அட்டையைத் தடவிப் பார்த்து, ஜன்னலோரம் மருந்துச் சீட்டுகளோடு வைத்துக்கொண்டாள். உதவியாளர் திரும்ப வரவில்லை. மலைவட்டாரம் என்ற பேச்சே எழவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தார். ஆறு வாரம் நன்றாகத் தூங்கினார்.

ஏழாவது வாரம், கேண்டீன் வரிசையில் முன்னால் நின்றவர் கையில் இருந்த செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி. மலைவட்டார ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு கண்ணாடிப் பெட்டிகளும், அவற்றைப் பார்த்துக்கொண்ட குழந்தை டாக்டரும், அமைச்சரின் சொந்தத் தொகுதிக்கு மாற்றப்படுகிறார்கள். மலைவட்டாரத்தில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்குப் பதினான்காகக் குறைந்துவிட்டதால், தேவை அதிகமுள்ள இடத்துக்கு அவை அனுப்பப்படுகின்றன என்று அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார்.

“என்ன ஆயுள் சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க,” என்று டீ ஊற்றுகிறவர் கேட்டார்.

ஆயுள் டீயை வாங்காமலே மாடியேறினார். நான் பெட்டியைத் தூக்கச் சொல்லவில்லை, ஒரு கட்டத்தில் ஒரு எண்ணைத்தான் மாற்றினேன் என்று படிக்குப் படி தனக்குத் தானே சொன்னார். அறைக்குள் போய் படத்தில் தான் தவிர்த்து வந்த மேல் மூலையை நிமிர்ந்து பார்த்தார். இந்த வருஷத்து வண்ணத்தை அவர்தான் தீட்டியிருந்தார். வெளிறிய மஞ்சள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. தண்டனை இல்லை, பழிவாங்கல் இல்லை. யாரும் அவரைக் குறிவைக்கவே இல்லை. மூப்பு வரிசையில் அவர் முறை வந்திருந்தது, காலியிடம் அங்கேதான் இருந்தது. வட்டார அலுவலர், மலைவட்டாரம். பதினைந்து நாளைக்குள் பொறுப்பேற்க வேண்டும். கேண்டீனில் கை கொடுத்தார்கள். ஒருத்தர் பார்ட்டி எப்போது என்று கேட்டார்.

ஆயுள் இயக்குநர் அறைக்கு ஓடினார். கதவைத் தட்டக்கூட மறந்துபோனார்.

“சார், எனக்குப் பதவி உயர்வு வேண்டாம். வீட்டுல எட்டாவது மாசம். பிரஷர் இருக்கு. அங்க ஒண்ணுமே இல்ல சார்.”

“அவங்கள இங்க விட்டுட்டுப் போங்களேன்.”

“தனியா இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எங்களுக்குன்னு இங்க ஆளில்ல. நான் பொறுப்பேத்தா ஆஸ்பத்திரி அட்டையும் அந்த வட்டாரத்துக்கு மாறிடும். இங்க பாக்க மாட்டாங்க. குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும்.”

“மறுக்கலாம். ஏன் மறுக்கிறீங்கன்னு காரணம் எழுதிக் கொடுக்கணும்.” இயக்குநர் வெள்ளைத் தாள் ஒன்றை நகர்த்தினார். “என்ன எழுதப் போறீங்க?”

“குழந்தைக்கு ஆபத்துன்னு.”

இயக்குநர் மேசை இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைத் தேடக்கூட இல்லை. அடையாளத்துக்குத் தாள் செருகியிருந்தது. “இந்த ஊர்ல பதினாறு. அங்க பதினாலு. இங்க இருக்கிறதுதான் ஆபத்துன்னு வேணா நீங்க எழுதலாம்.”

“சார், அது எப்படி வந்துச்சுன்னு நமக்குத் தெரியும்.”

“நமக்குன்னா யாரு?” இயக்குநரின் குரல் உயரவே இல்லை. “எனக்கு ஒண்ணும் தெரியாது. கையெழுத்து யாரோடதுன்னு பாருங்க. அது தப்புன்னு நீங்க எழுதிக் கொடுத்தா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். பொய்க் கணக்கு கொடுத்தவங்கள என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அப்பவும் உங்க வீட்டுல அவங்க தனியாத்தானே இருக்கணும்?”

ஆயுள் வெள்ளைத் தாளைப் பார்த்தார். பயம் எத்தனையோ வகையாக அவருக்கு வந்திருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் கையெழுத்தே வந்து நிற்கிற பயம் அன்றைக்குத்தான் வந்தது. தாளை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தால் கூடத்தில் துணிப்பெட்டி திறந்து கிடந்தது. மனைவி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணாடிக் கடையில் உடன் வேலை செய்கிறவர்கள் தைத்துக் கொடுத்த சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா மத்தியானமே விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம்.

“நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன், அவங்க முந்திக்கிட்டாங்க,” என்று சிரித்தாள். “ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு? நான் வரமாட்டேன்னு சொல்லுவேன்னு பயந்துட்டீங்களா?”

“டாக்டரம்மா இருபது நிமிஷம்னு சொன்னாங்களே.”

“எனக்கும் கேட்டதும் பகீர்னுதான் இருந்துச்சு. மலைன்னதும் கை காலெல்லாம் உதறிடுச்சு. அப்புறம் உங்க புத்தகத்த எடுத்துப் பாத்தேன்.” ஜன்னலைக் காட்டினாள். புத்தகம் திறந்து கவிழ்ந்து கிடந்தது. “அங்க பதினாலுதாங்க. இங்கயே பதினாறு. நீங்க போட்ட கணக்குன்னதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. நம்ம ஊரவிட நல்ல இடத்துக்குத்தான் போறோம்.”

சும்மா இருந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பயமில்லாமல் இருந்தால் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு பொய்யாவது நல்லது செய்யட்டும் என்று நினைத்தார். அவள் ஒரு சட்டையைத் தூக்கி, தன் வயிற்றின்மேல் வைத்து அளவு பார்த்தாள். அவர் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

“அந்தப் பதினாலு பொய்,” என்றார்.

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “நிஜம் எவ்வளவு?”

“எழுபத்து மூணு. ஆஸ்பத்திரியில இருந்த கண்ணாடிப் பெட்டியெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப இன்னும் கூட இருக்கும்.”

“மிச்சக் குழந்தைங்க எங்க போச்சு?”

“செத்துப் பிறந்ததுன்னு மாத்தியாச்சு.”

“யாரு மாத்தினது?”

“நான்தான்.”

“எத்தனை?”

“அங்க மட்டும் நானூத்திப் பன்னெண்டு.” அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “மாத்தலன்னா அங்க அனுப்பிடுவேன்னாங்கம்மா. உன்ன இங்கயே வச்சுக்கணும்னுதான் செஞ்சேன்.”

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. மடித்த சட்டைகளை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, உட்கார்ந்தபடியே கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். சுவர் முதுகில் பட்டதும் நின்றாள். பதினோரு வருஷத்தில் அவளை இப்படிப் பார்த்ததில்லை. அவள் பயந்திருந்தாள், அந்த மலைக்கு இல்லை, அவருக்கு.

“அங்க அலுவலர்னா என்னங்க வேலை?” என்று கேட்டாள்.

“வட்டாரத்துப் பிறப்பு இறப்புப் படிவமெல்லாம் சரிபாத்துக் கையெழுத்துப் போடணும்.”

“வேற யாரும் போட மாட்டாங்களா?”

“அலுவலர்தான் போடணும்.”

“அப்ப எம் புள்ள பொறந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போச்சுன்னா, அந்தத் தாளும் உங்ககிட்டத்தான் வரும்,” என்றாள். “அதுல என்ன எண் போடுவீங்க?”